மலையை மறைத்த படம்

கம்ப்யூட்டர் திரையில் ஐகான்கள் இறைந்து கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சிரிக்காதீர்கள், மேடம். சிலருக்கு வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் தாங்காது, சிலருக்குச் சட்டைக் காலரில் அழுக்கு. எனக்கு இது. வேங்கிக்காலில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். குப்பைத் தொட்டி ஐகானைத் தவிர வேறெதுவும் இருக்காது. அதையும் மறைக்க வழி உண்டு. ஆனால் குப்பைத் தொட்டி கண்ணெதிரே இருப்பது நல்லது என்று விட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது பொன்னியைப் பற்றி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய் பேச வராத ஒரு பெண் கிரிவலப் பாதையில் காணாமல் போனதற்கும் ஐகானுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் முகம் கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான் யோசித்துத்தான் செய்திருக்கிறேன் என்பது உங்களுக்கே புரியும்.

நம்ம ஆட்கள் திரையில் வைக்காத சாமான் கிடையாது. ஆதார் கார்டு, ஜாதிச் சான்றிதழ், மஞ்சள் நீராட்டு விழா போட்டோ, "புதுசு", "புதுசு கடைசி", "புதுசு உண்மையான கடைசி". பென்டிரைவில் கொண்டுவந்து என் திரையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் படியிறங்கும் முன்பே நான் அழித்துவிடுவேன். மறுநாள் வந்து கேட்டால் இல்லை என்பேன். கோபப்படுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். மனிதர்கள் தங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிற பலவும் அவர்களுக்கு வேண்டியதே இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது அது.

என் மனைவி கவியா வீட்டு லேப்டாப்பில் அவள் அப்பா பேசியதைப் பதிவுசெய்து வைத்திருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது. திரையின் இடது ஓரத்தில் வரிசையாக ஐந்தாறு ஐகான். நான் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். சாப்பிட்டியாம்மா, மாப்ள சாப்ட்டாரா, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட்டேன். கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் போய் இருந்தாள். பிறகு வந்துவிட்டாள். லேப்டாப்பை மட்டும் தொடுவதில்லை. இன்றுவரை அது பளிச்சென்றுதான் இருக்கிறது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் சேவைக் குழு அடி அண்ணாமலையில் பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் பிரிந்துபோகிறார்கள். தேடுகிறவர்கள் எங்கள் பந்தலுக்கு வந்து செல்போனில் இருக்கும் போட்டோவைக் கொடுப்பார்கள். நந்தினி என்று ஒரு காலேஜ் பெண், அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மைக் செட் வைத்திருக்கும் ரசூல் பாய் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லுவார். கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

அந்தத் திரையை ஒரு பெரிய டிவியில் இணைத்துப் பாதையைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்போம். காணாமல் போனவர்களின் முகங்கள் அதில் தெரியும். பின்னணியில் இருப்பது மலை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நானே எடுத்த படம். அதை மட்டும் பார்த்தால் நடக்கிறவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். நந்தினி முகங்களை அதன் மேல் ஒட்டிக்கொண்டே போவாள். பொழுது சாயும்போது தெரிகிற மலை, கூட்டம் ஏற ஏறக் காணாமல் போய்விடும். எனக்கு அது வலித்தது. வலித்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கிடைத்துவிட்டால் அவருடைய படத்தை இழுத்து "வீடு சேர்ந்தவர்கள்" என்ற ஃபோல்டருக்குள் போட்டுவிடுவோம். காலையில் திரை முழுக்கக் காலியானால் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போதுதான் எங்கள் தலைவர் கோதண்டராமன் டிவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார். அதற்குப் பிறகுதான் பந்தலில் பொங்கல் பரிமாறுவார்கள். திரை காலியாகாமல் யாரும் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை.

போன மாதப் பௌர்ணமியன்று சாயங்காலம் தனம் என்கிற அம்மா வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் வேலை. மகள் பொன்னிக்கு இருபது வயது இருக்கும். உடம்புதான் வளர்ந்திருக்கிறது, பேச்சு வரவில்லை.

"வாயு லிங்கத்தாண்ட தண்ணி வாங்கறதுக்குக் கைய விட்டேன் சார். திரும்பிப் பாத்தா இல்ல. அதுக்குப் பேர் சொல்லக்கூட வராது சார். யாரு கூப்பிட்டாலும் சிரிச்சிகினே பின்னால போயிடும்."

போட்டோவைக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல், மறுபடியும் மலையைச் சுற்றித் தேடப் போய்விட்டார். நந்தினி பொன்னியின் படத்தைப் பெரிதாக்கித் திரையின் நட்டநடுவில் வைத்தாள். சரியாக உச்சியின் மேல்.

"ஓரமா வைம்மா" என்றேன்.

"அதால பேச முடியாதுண்ணா. யாராச்சும் மூஞ்சியப் பாத்து கண்டுபிடிச்சாத்தான் உண்டு. நடுவுலயே இருக்கட்டும்."

விடிந்தது. மற்ற எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். திரையில் பொன்னி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்குப் பின்னால் நிஜமான மலை வெயிலில் முழுசாக நிற்கிறது, திரையில் இருக்கிற மலைக்கு மட்டும் உச்சி இல்லை. கோதண்டராமன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியா? புள்ளைங்கள்லாம் பசியோட நிக்குதுங்க."

அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நந்தினி முகம் கழுவப் போயிருந்தாள். நான் பொன்னியை இழுத்து ஃபோல்டருக்குள் போட்டேன். ஒரு விரல் வேலை. உச்சி தெரிந்தது. உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

"கிடைச்சிட்டாங்களா?" என்று ரசூல் பாய் கேட்டார்.

"கிடைச்சிட்டாங்க பாய்."

அவர் நல்ல மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். கீழ்பென்னாத்தூர் பொன்னி வீட்டாரோடு சேர்ந்துவிட்டார், தேடுகிறவர்கள் இனித் தேட வேண்டாம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பாதை நெடுக எங்கள் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கற்பூரம் எரிந்தது. பொங்கல் அன்றைக்கு நன்றாக இருந்தது.

பந்தலைப் பிரிக்கும்போது தனம் வந்தார். கால் வீங்கி நடக்க முடியாமல் வந்தார். டிவியைப் பார்த்தார். காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். அப்போது நான் என்ன சொல்ல முடியும்? கற்பூரம் ஏற்றியாகிவிட்டது.

"உங்க சொந்தக்காரங்கன்னு ஒரு அம்மா வந்தாங்க. மஞ்சப் புடவை. கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

"எங்க நாத்தனாரா இருக்கும் சார். அதுவும் நேத்து சுத்த வரேன்னு சொல்லுச்சு. நல்லா இருப்பீங்க சார், உங்க கொழந்த குட்டிங்கல்லாம் நல்லா இருக்கும்."

தரையில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷ அழுகை. ரசூல் பாய் தண்ணீர் கொடுத்தார். டிவியில் தெரிந்த மலையைக் கும்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறப் போனார். ஒரு மனிதரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷப்பட்டேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

வீட்டில் மகள் இல்லை என்று தனம் வந்து புகார் கொடுத்த பிறகு, இந்த மாதம் முழுக்க நீங்கள் மஞ்சள் புடவைக்காரியைத் தேடினீர்கள். அந்த நாத்தனாரை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு குடும்பத்துக்குள் அடிதடி, பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்கிறார்கள். வருத்தம்தான். மஞ்சள் என்று சொன்னது அந்த நேரத்துக்கு வாயில் வந்த நிறம்.

இனி, பாதையில் இளநீர் விற்கும் எல்லம்மாள் உங்களிடம் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. தனம் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களெல்லாம் கிளம்பிய பிறகு, நான் தனியாக டிவியைக் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லம்மாள் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"கம்ப்யூட்டர் சார், இந்தப் பொண்ணு எங் கடையாண்ட சாக்கு மேல படுத்துகினு இருந்துச்சி. இன்னா கேட்டாலும் சிரிக்குது. உங்களாண்ட வுட்டா வீடு சேத்துடுவீங்கன்னு இட்டாந்தேன்."

"விட்டுட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணின் தலையைத் தடவிவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார். நேற்று பௌர்ணமிக்குத் தனம் மறுபடி பந்தலுக்கு வந்து அழுததைப் பார்த்துதான், நான் அன்னைக்கே கம்ப்யூட்டர் சாராண்ட ஒப்படைச்சேனே என்று எல்லம்மாள் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்னி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் யோசித்தேன். ஃபோல்டருக்குள் இருக்கிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தனத்தைக் கூப்பிட்டால், யார் கூட்டிப் போனது, எப்படித் திரும்பி வந்தாள் என்ற கேள்வி வரும். ரசூல் பாய் மைக்கில் சொன்னது பொய்யாகும். கோதண்டராமன் ஏற்றிய கற்பூரம் பொய்யாகும். கடைசியில் என்னை எழுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். அந்த ஆள் திரையை எப்படி வைத்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். வண்டி அவளுக்குப் பிடித்திருந்தது. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார வைத்தேன். டிக்கெட் எடுத்தேன். அங்கே அண்ணன் வந்து இறக்கிக்கொள்வார் என்று கண்டக்டரிடம் சொன்னேன். பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் இல்லாமல் அனுப்பவில்லை. ஏன் பெங்களூர் என்று கேட்கிறீர்கள். பெரிய ஊர், அங்கே நல்ல இல்லங்கள் இருக்கும். யாராவது பார்த்துக்கொள்வார்கள். தமிழ் தெரியாதவர்களாக இருந்தாலும், பேச வராத பெண்ணுக்கு எந்த பாஷையாக இருந்தால் என்ன.

ஏட்டம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார். நல்லது, விசாரியுங்கள். அவள் கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று நீங்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் மஞ்சள் புடவையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மகளைக் கூட்டத்துக்குள் கூட்டிப் போகும்முன் தனம் அவள் கையில் தன் போன் நம்பரை எழுதியிருந்தாராமே, அப்படியானால் ஏன் ஒரு போன்கூட வரவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவள் போட்டிருந்தது முழுக்கைச் சட்டை, எல்லம்மாள் பார்த்திருக்க வழியில்லை. நான் பார்த்தேன். பஸ்ஸில் பிஸ்கட்டுக்குக் கையை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. நீல ஸ்கெட்ச் பேனாவில், கோணல் கோணலாக, முழங்கை வரைக்கும் எண்கள். வியர்வையில் கரைந்து கை முழுக்க அசிங்கமாக இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது, பத்து எண்ணும் தெளிவாகப் படிக்க முடிந்தது. பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். அழுத்தவில்லை, குழந்தைக்குத் துடைப்பதுபோலத்தான் துடைத்தேன். அவள் விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, முடிந்ததும் சிரித்துக்கொண்டே மறு கையையும் நீட்டினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் துடைத்துவிட்டேன்.