கொளஞ்சியப்பருக்குக் கட்டுன பிராது

அந்தப் பக்கம் போவாதீங்க டாக்டர் சார், முட்டிப்புடும். வேணும்னு முட்டாது பாவம், அதுக்குக் கண்ணு தெரியல. நேத்து காலையிலேருந்து செவுத்துல தலைய வச்சி அழுத்திக்கிட்டே நிக்குது. பல்ல நறநறன்னு கடிக்குது பாருங்க, கேக்குதா? மூணு ஈத்து கண்ட மாடு சார்.

இப்புடி வேப்பமரத்தடியில குந்துங்க. அக்னி நட்சத்திரம் மனுசன வறுத்து எடுக்குது. எங்கூட்டுக்காரரு வண்டியில வந்தீங்களே, வழியில எதுனா சொன்னாரா? சொல்ல மாட்டாரு. பீங்கான் கம்பெனியில இருவது வருசமா கொலு பொம்மைக்கு கிளேசு முக்குறாரு, பளபளப்புக்கு. பொம்மையோடயே இருந்து இவரும் பொம்மையாயிட்டாரு. எளநி வாங்கியாங்கன்னு நாந்தான் அனுப்பியிருக்கேன். அவரு வர்றதுக்குள்ள பேசிடணும்.

மொதல்ல கோழிங்கதான் சார். சித்திர ரெண்டாவது வாரம், ஒம்போது கோழி. வெய்யிலு தாங்கலன்னு நெனச்சேன். நாலு நாளு கழிச்சி வெள்ளாடு, அதுவும் சென ஆடு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சி, இது பக்கத்துக் கொல்ல தங்கதுரை வேலைன்னு. எங்க ஆடு அவன் கொல்லையில பூந்து கத்திரிச் செடிய மேஞ்சிருச்சி. வெஷம் வச்சிருவேன்னு வாய் வுட்டுச் சொன்னான் சார், நாலு பேரு கேக்க.

நான் சும்மா இருப்பனா? நேரா மணவாளநல்லூரு போனேன். கொளஞ்சியப்பரு கோயில்ல பிராது கட்டிட்டு வந்துட்டேன். நீங்க வெளியூரா, தெரியாதா? நம்ம கொறைய பேப்பர்ல எழுதி, சாமிகிட்ட வச்சிட்டு, நூல சுத்தி அங்கயே இருக்குற முனியப்பரு வேல்ல கட்டிட்டு வரணும். தொண்ணூறு நாளுல சாமி வெசாரிச்சித் தீர்ப்புக் குடுத்துரும்.

தங்கதுரை பேர எழுதல சார். எதுக்கு நாமளா சொல்லணும், சாமிக்குத் தெரியாதான்னு வுட்டுட்டேன். என் வாயில்லா ஜீவனுங்க சாவ எந்தக் கை காரணமோ, அந்தக் கையோட வம்சத்துல ஒரு புழு பூச்சி தங்கக் கூடாதுன்னு எழுதுனேன். அவன் மருமவளுக்கு அப்ப மூணு மாசம். தெரிஞ்சேதான் எழுதுனேன். கோவம் சார், கண்ண மறைச்சிருச்சி.

தண்ணியா? பஞ்சாயத்துக் கொழாயி மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. கைபம்புத் தண்ணி ஒரே உப்பு. எனக்கும் அவருக்கும் அது பழகிப் போச்சி. நல்ல தண்ணிய அந்தா, பொடலங்காப் பந்தலுக்குக் கீழ நீல டிரம்மு நிக்குதே, அதுல புடிச்சி வைப்போம். பங்குனி கடைசியில கம்பெனியிலேருந்து கொண்டாந்தாரு. ஆமா, கிளேசு பவுடரு வந்த டிரம்முதான். இந்த ஊருல யாரு வூட்டுல கம்பெனிச் சாமான் இல்லாம இருக்குது? மூணு மொற சபீனா போட்டுத் தேச்சேன். அடியில மட்டும் ஆரஞ்சு கலருல கல்லாட்டம் புடிச்சிக்கிட்டிருக்குது, போவல. தெளிஞ்சத மேலாப்புல மொண்டுக்குவோம். அடியில மண்டி கெடக்குறத மாட்டுக்கும் ஆட்டுக்கும் சாச்சி வுட்டுருவோம். கோழிக்கும் அதான்.

ஏன் சார் எழுந்திரிச்சிட்டீங்க? குந்துங்க. மூடியத் தெறக்க வேணாம். நேத்து இது செவுத்துல முட்டுனப்பவே நான் போயி தெறந்து பாத்துட்டேன். அந்த ஆரஞ்சு பாதிக்கு மேல கரைஞ்சிருச்சி.

தங்கதுரைதான் வெஷம் வச்சான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். அவன் வச்சதாவே இருக்கட்டும். உங்க வாயால சொன்னா நான் நம்பிக்குவேன். எதுக்கு மாட்டுகிட்டப் போறீங்க?

மாட்ட வுடுங்க சார், அது ஊசி போட்டாலும் பொழைக்காது, எனக்குத் தெரியுது. மாட்டுக்குன்னு சொன்னாத்தான இவரு உங்களக் கூட்டியாருவாரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா எந்தத் தண்ணி, எந்த டிரம்முன்னு இவர நிக்க வச்சிக் கேப்பாங்க. இந்த மனுசன் தாங்க மாட்டாரு சார்.

உள்ள எங்க பொண்ணு இளமதி படுத்திருக்கா. கல்யாணமாயி ஏழு வருசம் கழிச்சி உண்டாயிருக்கா. வளைகாப்பு முடிச்சி சேத்தியாத்தோப்புலேருந்து கூட்டியாந்தோம், இப்ப எட்டு மாசம். புள்ளத்தாச்சிக்கு உப்புத் தண்ணி ஆவாதுன்னுதான் இவரு அந்த டிரம்ம டிவிஎஸ்ஸு பின்னாடி கட்டி எடுத்தாந்தாரு, அவ்ளோ சந்தோசமா. அந்தத் தண்ணிய அவ மட்டுந்தான் குடிக்கிறா. வாயில தகரத்தக் கடிச்சாப்புல இருக்குதும்மான்னு ஒரு வாரமா சொல்றா. நான் மாசமா இருந்தா அப்புடித்தான்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஒரு எட்டு உள்ள வந்து பாருங்க சார். பிராது கட்டி இன்னியோட இருவத்தி மூணு நாளாச்சி. நேத்துலேருந்து அவளும் பல்லக் கடிக்கிறா.