ஆடாமல் நிற்க வேண்டும்

கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுப்பவனுக்கு வெயில் நாள் விடுமுறை நாள். மேகம் மூடினால்தான் பிழைப்பு. அன்று காலை நல்ல மேகம்.

கடலையும் பாறையையும் மட்டும் எடுத்தால், பாறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஓர் ஆள் நின்றால் தெரியும். என் படங்களில் அந்த ஆள் எப்போதும் என் மனைவிதான். முகமெல்லாம் தெரியாது, சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு உருவம். "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, அளவுகோலா?" என்பாள். கேட்டுக்கொண்டே போய் நிற்பாள்.

அன்று அவள் நிற்க வேண்டியது கரையிலிருந்து தள்ளியிருந்த ஒரு தாழ்ந்த பாறை.

"தண்ணி ஏறுதே, பாத்தீங்களா? எனக்கு நீச்சலும் தெரியாது."

"அதுக்குள்ள முடிஞ்சிடும். நீ ஆடாம நில்லு, போதும்."

"சரிங்க ஐயா, சிலையாவே நின்னுடறேன்." செருப்பை என் பெட்டிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு ஈர மணலில் நடந்து போனாள்.

என்னுடையது கறுப்புத் துணி போர்த்திப் பார்க்கும் பழைய கேமரா. அதன் லென்ஸுக்கு முன்னால் ஒரு கருங்கண்ணாடி மாட்டுவேன். வெளிச்சம் கசிந்து கசிந்துதான் உள்ளே போகும். ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் எழுந்து உடையும் அலை எதுவும் படத்தில் நிற்காது. கடல் பனிமூட்டம்போல ஆகிவிடும். அசையாதது மட்டும் பதியும்.

ஷட்டரைத் திறந்த பிறகு அலை பாறைமேல் ஏறி அவள் முழங்கால்வரை அடித்தது. கையை ஆட்டினாள். "என்னங்க" என்று கூப்பிட்டதும் கேட்டது. ஆடிவிட்டாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூடினால் படம் போச்சு. அந்த மேகம் திரும்ப வராது. ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினேன். அவள் கையை இறக்கிக்கொண்டு மறுபடி நேராக நின்றாள்.

நேரம் முடிந்ததும் ஷட்டரை மூடினேன். அப்போது பாறைமேல் யாரும் இல்லை.

விசாரித்தவர்களிடம், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். அவள் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அழுதான். இந்தத் தொழில் தெரிந்த யாராவது அங்கே இருந்திருந்தால் அப்போதே பிடித்திருப்பார்கள். துணிக்குள் பார்ப்பதெல்லாம் ஃபிலிமைச் செருகும் வரைதான். செருகிவிட்டால் உள்ளே வெறும் இருட்டு. படம் பதியும்போது வெளியே நின்று வெறும் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஃபிலிமைக் கழுவினேன். கழுவாமல் விட்டால் அவள் நின்றது வீணாகிவிடும் இல்லையா. நல்ல படம். பாறையின் ஈரம்கூடத் தெரிகிறது. முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.

போன வாரம் அவள் தம்பி வந்தான். படத்தருகே போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து தேடினான்.

"இதுல அக்கா எங்க மாமா?"

"ஆடிட்டாடா," என்றேன். "ஆடாம நின்னிருந்தா இருந்திருப்பா."