திருப்பிக் கொடுக்கப் படிவம் இல்லை

— அட்டை வாங்கறதுக்கு மூணு படிவம் இருக்கும்மா. திருப்பிக் குடுக்கறதுக்கு ஒண்ணுகூட இல்ல.

— அப்ப வெள்ளைத்தாள்ல எழுதித் தரேன் சார்.

— பாருங்க, பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். உணவு அட்டையைத் தொலைச்சுட்டு அழுதுகிட்டு வந்தவங்க உண்டு. இந்தாங்க, வேணாம்னு நீட்டினவங்களை இப்பத்தான் பார்க்கறேன்.

— வேலை கிடைச்சிருக்கு சார். ஆஸ்பத்திரில துணி துவைக்கற பிரிவு. ஷிப்ட் முடிஞ்சு நேரா வரேன்.

— எப்பலேருந்து வேலை?

— திங்கக்கிழமைலேருந்து.

— இன்னிக்கு வியாழன். நாலு நாள் வேலையை நம்பியா? பாருங்க, வேலை கிடைச்சாலும் ஆறு மாசம் அட்டையை வச்சுக்கலாம்னு மாநகராட்சியே சொல்லுது. அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர். பேசாம வாங்கிட்டுப் போங்க.

— அது இருக்கட்டும் சார். நான் குடுத்தாத்தானே அடுத்த ஆளுக்குப் போகும்?

— ஆமா. வட்டத்துக்கு முந்நூறு அட்டைதான், அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. ஒருத்தர் வெளிய போனாத்தான் இன்னொருத்தர் உள்ள.

— அதான்.

— என்ன அதான்? நாளைக்கே வேலை போச்சுன்னா வரிசையில கடைசியா நிப்பீங்க. போன தடவை எத்தனை மாசம் காத்திருந்தீங்க?

— பதினாலு.

— மறந்துபோச்சா?

— எப்படி மறக்கும்? பொண்ணு பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தது அப்பத்தான்.

— அப்புறம் ஏம்மா... சரி. ரத்துக்குக் காரணம் போடணும். கம்ப்யூட்டர்ல மூணுதான் இருக்கு. இறப்பு, இடமாற்றம், மோசடி. எதைப் போட?

— உயிரோட உங்க எதுக்கத்தான் நிக்கறேன். வீடும் மாறலை.

— மோசடின்னு போட்டா போலீஸ் வந்து கதவைத் தட்டும்.

— இடமாற்றம்னே போடுங்க சார். இனிமே பாதி நாள் அந்த ஆஸ்பத்திரிலதானே கிடக்கப்போறேன்.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. இங்க ஒரு கையெழுத்து. கீழயும். பின்னாடி வந்து என்னைக் கேக்கக் கூடாது, ஆமா.

— கேக்க மாட்டேன். அந்த ஆளுக்கு இன்னிக்கே தெரிஞ்சிடுமா?

— சாயங்காலம் போன் போயிடும். பட்டியல் வெளிய செவுத்துலதான் ஒட்டியிருக்கு. பாருங்க, முதல் பேரு ஒரு பொண்ணு. கைக்குழந்தைக்காரி. உங்க தெருவா?

— இல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம்.

— சொந்தமா?

— சொந்தம்னு சொல்ல முடியாது.

— யாரோ எவளோ, அவளுக்காகவா ஆறு மாசச் சோத்தை விட்டுக்குடுக்கறீங்க?

— யாரோ இல்ல சார். எங்களை விட்டுட்டு என் வீட்டுக்காரர் போனது அவகிட்டதான். பிள்ளை வயித்துல இருக்கும்போதே அவளையும் விட்டுட்டுப் போயிட்டாரு.