கஜந்திக்கு நான் வாசித்துக் காட்டியது

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் போதும் என்று எழுதியிருந்தீர்கள், வினோஜன். 'கஜந்தி: வாழ்வும் பணியும்' என்று தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் கூடும்போல் இருக்கிறது. வெட்டாமல் போடுங்கள்.

வாழ்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் நிருபர். மீனவர் சங்கத் தலைவர் ஒருவரைச் சீருடை இல்லாத ஆட்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதை வீதியோரம் நின்று பார்த்தவர். பத்திரிகை அதைப் போடப் பயந்தது. கஜந்தி பெயர்களை மாற்றி அதையே நாவலாக எழுதினார். பெயரை மாற்றினால் ஊருக்கு ஆள் தெரியாதா? வீட்டுக்கு ஆட்கள் வந்து மிரட்டினார்கள். ஜெர்மனிக்கு வந்து அகதித் தஞ்சம் கேட்டார்.

பணியில் இன்னொன்றும் உண்டு. அவர் விமர்சனமும் எழுதுவார். ஊரில் இருந்தபோது, உப்பாறன் என்ற பெயரில் நான் எழுதிய நாவலைப் பற்றியும் எழுதினார். இறுதிப் போரைப் பற்றிய நாவல் அது. நான் 1985இலேயே கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவன். அந்தப் போர் நடந்தபோது வூப்பர்டாலில் தொங்கு ரயில் ஏறி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அதனால் என்ன? தப்பி வந்தவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, வருடக்கணக்காக முதுகு ஒடிய எழுதினேன். கஜந்திக்கு அதைத் தள்ளிவிட இரண்டே வரி போதுமாக இருந்தது.

'இந்த நாவலில் பசித்தவர் எவரும் இல்லை. பசியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் இருக்கிறார்கள்.'

இந்த இரண்டு வரியும் ஜெர்மனியில் உள்ள அத்தனை தமிழருடைய தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தன. ஒரு கல்யாண வீட்டில் கை கழுவிக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"என்ன முருகேசு அண்ணை, சாப்பிட்டியளோ? இல்லாட்டி கேள்விப்பட்டதோடை சரியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி யோகமும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அதன் பிறகு நான் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலையும் உண்டு. அகதி அலுவலகத்தில் தமிழர்களை விசாரிக்கும்போது கூப்பிடுவார்கள். ஒரு நாள் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் கஜந்தி இருந்தார். மெலிந்த உருவம். கையில் அவருடைய நாவல். விண்ணப்பக்காரரை முன்பே தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றால் நான் எழுந்து போயிருக்க வேண்டும். தெரியாது என்றேன். அதில் பொய் இல்லை, முகத்தை அன்றுதான் கண்டேன். முருகேசுதான் உப்பாறன் என்பது, நாட்டுக்குப் புதிதாக வந்த அவருக்கும் தெரியாது.

விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அவர் தமிழில் சொல்வதை நான் ஜெர்மனில் சொல்வேன். அதிகாரி அதைப் பதிவு செய்வார். கடைசியில் அந்தப் பதிவை நான் தமிழில் அவருக்குத் திருப்பி வாசிக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் அவர் கையெழுத்துப் போடுவார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அந்த மனுசனை அடிச்சு வாகனத்துக்குள்ளை தள்ளினதை என்ரை கண்ணாலை கண்டனான்" என்றார் கஜந்தி.

அப்படி நடந்ததாக அவர் கேள்விப்பட்டாராம் என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

"வீட்டை வந்து என்ரை கழுத்தைப் பிடிச்சவங்கள்."

ஆட்கள் வீட்டுக்கு வந்ததாக அயலவர்கள் சொன்னார்களாம் என்றேன்.

நாவலில் இருப்பது எல்லாம் நடந்தது என்றார். நாவல் கற்பனைதான் என்கிறார் என்றேன். வேறெதையும் மாற்றவில்லை. திகதி, ஊர், அப்பா பெயர் எல்லாம் சரியாகவே சொன்னேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்க வேண்டியவர் அதிகாரி. அவர் தேநீரைக் கலக்கியபடி பதிவு செய்துகொண்டிருந்தார்.

பிறகு திருப்பி வாசிக்கும் நேரம் வந்தது. பதிவில் இருந்ததையா வாசிக்க முடியும்? தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் வாசித்தேன். இல்லை, அதைவிட நன்றாக. அவர் தடுமாறிய இடங்களை ஒழுங்குபடுத்தினேன். வாகனத்தின் கதவு சாத்திய சத்தத்தை அவர் பாதியில் விட்டிருந்தார், அதை உரிய இடத்தில் வைத்தேன். கஜந்தி அழுதுவிட்டார்.

"அண்ணை, நான் சொன்னதைவிட வடிவா வாசிக்கிறியள். நீங்களும் எழுதுறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு உதெல்லாம் வராது."

கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ரயிலடியில் என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

முடிவுக் கடிதம் வந்ததும் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். கூடவே, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பருத்தித்துறை வடை ஒரு பை. கடிதத்தில் தஞ்சம் மறுக்கப்பட்டிருந்தது. கண்ட சாட்சியம் எதுவும் இல்லை, எல்லாம் கேள்விப்பட்டவை என்று காரணம் எழுதியிருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் வழக்குப் போடலாம் என்றும் இருந்தது.

"என்னண்ணை எழுதியிருக்கினம்?"

"இன்னும் பாத்துக்கொண்டு இருக்கினமாம். கொஞ்சம் பொறுக்கட்டாம்."

"லோயர் ஆரையும் பிடிக்க வேணுமோ?"

"இப்ப என்னத்துக்கு? யோசியாமல் இருங்கோ பிள்ளை."

அவர் நிம்மதியாகப் போனார். வடை நன்றாக இருந்தது. யோகமும் நானும் தேநீரோடு சாப்பிட்டு முடித்தோம்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில் பொலிஸ் வந்து முகாமிலிருந்து அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது. ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் அவரைக் காணவில்லை. பிறகு உடல் கடலேரிக் கரையில் கிடந்தது. இரங்கல் கூட்டத்தில் நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்கள். நானும் இருந்தேன், பின் வரிசையில்.

இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய விமர்சனங்களையும் மலரில் சேர்க்கப்போவதாக நீங்கள் எழுதியதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டி வந்தது. அந்த இரண்டு வரி மறுபடி அச்சேறும். அன்று நான் வாசித்ததோ எங்கும் அச்சாகவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த எழுத்து அதுதான். அதைக் கேட்டு அழுத ஒரே வாசகரும் இப்போது இல்லை. அது யாருக்கும் தெரியாமல் போவது நியாயமா?

ஆகவே எழுதித் தருகிறேன். கஜந்தியைத் திருப்பி அனுப்பியது ஜெர்மன் அரசாங்கம் அல்ல, நான். அங்கே அவருக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தே அனுப்பினேன். பொலிஸிடம் கொடுப்பதென்றாலும் கொடுங்கள், என் சொந்தப் பெயரையும் போடுங்கள். பொறாமையில் செய்தான் என்று மட்டும் எவரும் எழுதிவிட வேண்டாம். அவருடைய நாவலை ஐந்து தடவை வாசித்துவிட்டேன், வினோஜன். பொறாமைப்படும்படி அதில் ஒன்றுமே இல்லை.