ட்ரம்ஸுக்கு மேல கேக்கணும்

செம்மல்: இந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கே வீடு அதிரும்மா. நம்ம கடையில இதுதான் ரொம்ப ஓடுது.

செல்வராணி: வீடு அதிர வேணாம்ண்ணே. ட்ரம்ஸ் அடிக்கையில பாட்டு கேக்கணும், அம்புட்டுதான்.

செம்மல்: என்னது… நெசமான ட்ரம்ஸா? கரண்டுல ஓடுறது இல்லையே?

செல்வராணி: நெசமானதுதான். சிம்பல் தட்டு ரெண்டு நிக்குது. போன்ல பாட்டப் போட்டுட்டு கூடவே அடிச்சா, மொத அடிக்கே பாட்டு காணாமப் போயிருது.

செம்மல்: அப்ப இது ஆகாது. எந்த ஊரும்மா?

செல்வராணி: குன்றாண்டார்கோவில்.

செம்மல்: ஓ… அங்க ட்ரம்ஸ் யாரு வாசிக்கிறது?

செல்வராணி: எங்க வீட்டுக்காரரு.

செம்மல்: கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?

செல்வராணி: அவருக்கு… வேலை. நீங்க பெட்டியக் காட்டுங்க.

செம்மல்: இயர்போன் மாட்டிக்கிட்டு அடிக்கச் சொல்லுங்களேன். சுளுவா முடிஞ்சிரும்.

செல்வராணி: அதுல ட்ரம்ஸ் எங்கிட்டோ கெணத்துக்குள்ள கேக்குது. அடி பலமா விழுதா, மெதுவா விழுதான்னே தெரியல.

செம்மல்: தெரியலையா… யாருக்கு?

செல்வராணி: அவருக்குத்தான்! சொன்னாரு.

செம்மல்: சரி சரி. அப்ப இந்தப் பன்னெண்டு இஞ்சு பாருங்க. ஆம்ப்ளிபயர் உள்ளயே இருக்கு.

செல்வராணி: இத எங்கிட்டு வைக்கிறது? முன்னாடியா?

செம்மல்: முன்னாடி வச்சா ஊருக்குக் கேக்கும், அடிக்கிறவருக்குக் கேக்காது. முதுகுக்குப் பின்னாடி, ஸ்டாண்டுல ஏத்தி காது மட்டத்துக்கு வைக்கணும்.

செல்வராணி: அப்ப சத்தத்த ரொம்ப ஏத்த வேணாம்ல?

செம்மல்: அதேதான்.

செல்வராணி: ப்ளூடூத்துல போட்டா வீடியோவுல கை மொதல்ல விழுது, சத்தம் பின்னாடி வருது. பாத்து அடிக்கிறப்ப கொழம்புதுண்ணே.

செம்மல்: வயரு போட்டுருங்க. ஆனா… வாசிக்கத் தெரிஞ்ச ஆளு எதுக்கு வீடியோவப் பாத்து அடிக்கிறாரு?

செல்வராணி: ஏண்ணே, பெட்டி விக்கிறீங்களா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா? இம்புட்டுக் கேள்வி!

செம்மல்: கேக்காமக் குடுத்துட்டு, நாளைக்கு நீங்க திருப்பித் தூக்கிட்டு வந்து நின்னா? அந்தா மூலையில ரிப்பேருக்கு வந்த ட்ரம்ஸ் செட்டு ஒண்ணு இருக்கு. கூட அடிச்சுப் பாத்தாத்தான் பெட்டியோட லட்சணம் தெரியும். அவரு வரட்டும், பாத்துக்கலாம்.

செல்வராணி: அதுக்கெல்லாம் நேரமில்லண்ணே. ஞாயித்துக்கெழம திருக்கோகர்ணத்துல வாசிச்சுக் காட்டணும். கச்சேரி ட்ரூப்புக்கு ஆள் எடுக்குறாங்க. பழகிக்க இன்னைக்கே பெட்டி வேணும்.

செம்மல்: அப்ப யாராச்சும் அடிச்சாத்தான உண்டு…

செல்வராணி: …குச்சியக் குடுங்க. பாட்டப் போடுங்க. நல்ல வேகமான பாட்டா.

செம்மல்: பாத்தும்மா, மெல்ல… மெல்ல… ஏயப்பா! போதும், போதும்! கடைத்தெருவே எட்டிப் பாக்குது!

செல்வராணி: கேக்குதுண்ணே! பாட்டு தனியா, அடி தனியாக் கேக்குது! இம்புட்டு நாளும் கண்ணக் கட்டிக்கிட்டுல்ல அடிச்சிருக்கேன்…

செம்மல்: ஒங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் வாசிக்கிறாரு.

செல்வராணி: சிரிக்காதீங்கண்ணே. அவரு வாசிச்ச பழைய வீடியோவப் பாத்துப் பழகுனதுதான். செட்டப் போர்வையப் போட்டு மூடிட்டு சார்ஜாவுக்கு வேலைக்குப் போயிட்டாரு. தூசி தட்டப் போனவ அப்படியே உக்காந்துட்டேன்.

செம்மல்: அவருக்குத் தெரியுமா?

செல்வராணி: தெரியாது. திட்டுனாக்கூடப் பரவாயில்ல, சிரிச்சிட்டா தாங்கமாட்டேன். அதுல உக்காந்தா எனக்கு அம்புட்டு சந்தோசமா இருக்குண்ணே.

செம்மல்: நீங்க ட்ரம்ஸ் வாசிச்ச ஆண்டியப்பன் சம்சாரந்தான?

செல்வராணி: ஆமாண்ணே. எப்பக் கண்டுபிடிச்சீங்க?

செம்மல்: ஊரச் சொன்னதுமே பிடிபட்டுருச்சும்மா, தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டு இருந்தேன். நேத்து போன் பண்ணாரு. 'இனிமே நான் எங்க வாசிக்கப் போறேன், செட்டு சும்மா எடத்த அடைக்குது, யாருக்காச்சும் தள்ளிவிடுங்க'ன்னாரு. நாளைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு ஒங்க வீட்டுக்கு வர்றதா இருந்தேன். இப்ப அவருக்கு என்னத்தச் சொல்ல?

செல்வராணி: எங்கிட்ட சொல்லிட்டுத்தாண்ணே ஒங்களுக்குப் பண்ணாரு. புதுக்கோட்டையில அம்புட்டுக் கடை இருக்க, ஒங்க கடையத் தேடி எதுக்கு வந்தேன்? செட்ட நானே எடுத்துக்கிறேன், அவருகிட்ட வித்தாச்சுன்னு சொல்லிருங்க. வாங்குனது யாருன்னு… ஞாயித்துக்கெழம முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்.