வாரிக் குவிக்கும் வெள்ளை

மரக்காணம் உப்பளங்களைக் கடக்கையில் வானம் மேலே இருக்கிறதா, பாத்திகளில் இருக்கிறதா என்று வழக்காடினால், எந்த அணியும் வெல்லக்கூடும். வெண்குவியல்கள் நடுவே புதுவைப் பேருந்து மிதந்துகொண்டிருந்தது. என் முன்னிருக்கையில் கைப்பேசியில் சொல் விளையாட்டு ஆடியபடி ஒரு கூனிமேட்டுப் பெண். அருகில், ஆரோவில்லுக்கு வேலைக்குச் செல்லும் அவள் தோழி.

"உப்புன்னு போட்டா தப்புங்குதுடி!" என்றாள் கூனிமேட்டுக்காரி.

"எந்தக் கேள்விக்குக்கா?"

"'வெள்ளையா இருக்கும், காலையில வாரிக் குவிப்பாங்க.' இங்கிலீஷ்ல நாலு எழுத்து. உப்புதானே? ஆளுக்கு ஒரு சான்ஸ்தான், என்னுது போச்சு. இனி துபாய்ல இருக்குற எங்க வீட்டுக்காரரு ஒருமுறை போடலாம். ரெண்டு பேரும் இந்த கேம முடிச்சிட்டா பெருநாளுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அய்யோ, அது வெளிநாட்டுக்காரன் செஞ்ச கேமுக்கா. அவங்க ஊர்ல வாசல்ல கொட்டுற பனியத்தான் வாருவாங்களாம். எங்க மேடம் சொல்லிச்சி. ஸ்னோ!"

"பனிய எவன்டி வாருவான்?"

ஆயினும் அவசரமாகக் குரல்பதிவு செய்தாள்: "ஏங்க, உப்புன்னு போட்டுடாதீங்க, ஸ்னோன்னு போடுங்க!"

அனுப்புவதற்குள் கைப்பேசி ஒலித்தது. திரையைப் பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"போட்டுட்டாரு. கேம் ஓவர்."

"என்னன்னு போட்டாரு?"

"உப்புன்னுதான்."

தோழி சிரிக்கவில்லை. "அப்ப பெருநாளுக்கு?"

"வராம எங்க போவாரு? பாலைவனத்துல உக்காந்துகிட்டு நம்ம உப்பளத்தையில்ல பாத்துட்டிருக்காரு!"