பேரிகேடு வைத்தவரும் பஸ்ஸில்தான் இருந்தார்

“அந்த பேரிகேடை வெச்சதே நான்தாம்மா.”

இப்படிச் சொன்னவர் என் முன் சீட்டில் இருந்தார். மேலே கட்டம் போட்ட சட்டை, கீழே காக்கி பேண்ட். டூட்டி முடித்து வீட்டுக்குப் போகிற போக்குவரத்துக் காவலர். பூந்தமல்லி தாண்டி எங்கள் காஞ்சிபுரம் பஸ் நெரிசலில் நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது. சர்வீஸ் ரோட்டை அடைத்தவனை அதுவரை திட்டிக்கொண்டிருந்த பக்கத்துச் சீட்டு அம்மா, ஆளே கையில் கிடைத்ததும் விடவில்லை.

“அப்போ எறங்கிப் போயி தொறந்து வுடேன்பா!”

“ஆம்புலன்ஸ் போற வழிம்மா. ஒரு பஸ்ஸுக்குத் தொறந்தா அத்தினி லாரியும் பூந்துடும்.”

“உனுக்கு இன்னா, நிம்மதியா குந்திக்கினு கீற.”

“எனக்கா? பிள்ளையார்பாளையத்துல என் பொண்ணுக்கு வளைகாப்பு. பன்னண்டுக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள வளையல் போடணும்.”

அப்போது மணி பதினொன்றே முக்கால். அந்த அம்மா உச்சுக் கொட்டினார். காவலர் மகளுக்கு போன் போட்டு, இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“எனக்காக நிக்காதம்மா. வளையலைப் போட்டுக்க.”

“அதெல்லாம் இல்லபா. வந்தவங்களை மொதல்ல சாப்பாட்டுக்கு அனுப்பிட்டேன். வளையல் ஒன்றரைக்கு மேலதான். நீ வந்தாதான் கையை நீட்டுவேன்.”

காவலர் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ அடைச்சு வெக்கிற,” என்றார் அந்த அம்மா. “உன் பொண்ணு கூட்டத்தை சாப்பாட்டுப் பக்கம் எப்பிடித் திருப்பி வுட்டுது பாரு!”